புது காருக்கு வாக்ஸ் போடுவது எப்படி? பாலிஷ் டப்பாவைத் திறப்பதற்கு முன் படிக்க வேண்டிய முழு வழிகாட்டி

என் முதல் கார் கருநீலம். டெலிவரி எடுத்து மூன்றாம் நாள் ராத்திரி பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றபோது சும்மா இறங்கி பானட்டைப் பார்த்தேன். மேலே எரிந்த வெள்ளை எல்இடி விளக்கின் வெளிச்சம் பானட்டில் புள்ளியாக விழுந்திருந்தது, அந்தப் புள்ளியைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்ட வட்டக் கீறல்கள். வண்டி நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, நான் அதுவரை அதன் மேல் ஒரு துணியைக்கூட வைக்கவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, டெலிவரிக்கு முந்தின நாள் ஷோரூமில் வண்டியைக் கழுவி, இலவசமாக ஒரு பாலிஷும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காலையிலிருந்து எத்தனையோ வண்டிகளைத் தேய்த்த அதே பஞ்சு, அதே வாளித் தண்ணீர். அந்தக் கீறல்களை நான் வண்டியை விற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த கார் எடுத்தபோது எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, முதல் நாளிலிருந்து என் கையாலேயே செய்தேன். இப்போது நாலு வருஷம் ஆகிறது, அதே பங்க் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தாலும் பானட் சுத்தமாக இருக்கிறது. இதற்குப் பெரிய செலவும் ஆகவில்லை. என்ன செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

பாலிஷ் வேறு, வாக்ஸ் வேறு

நம்ம ஊரில் காரின் மேல் தேய்க்கிற எல்லாவற்றுக்கும் பாலிஷ் என்றுதான் பெயர். கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார், வாட்டர் வாஷ் பையனும் அப்படித்தான் சொல்வான். ஆனால் இரண்டும் எதிரெதிர் வேலை. பாலிஷ் பெயின்ட்டை எடுக்கும். வாக்ஸ் பெயின்ட்டின் மேல் ஓர் அடுக்கைக் கொடுக்கும். இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம், முழு பெயின்ட்டும் மிச்சம்.

தொழிற்சாலையில் தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். இந்த நாலும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 130 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், மொத்த பெயின்ட்டும் இரண்டு முடி கனம்கூட இல்லை. அதில் கிளியர் கோட் மட்டும் 35-லிருந்து 50 மைக்ரான் வரை, அதாவது ஒரு முடியைவிட மெல்லிசு. பளபளப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது, வெயிலைத் தாங்குகிற சக்தியும் அதில்தான் இருக்கிறது. பாலிஷில் கண்ணுக்குத் தெரியாத உரசு துகள்கள் இருக்கும், ரப்பிங் காம்பவுண்டில் இன்னும் முரடாக இருக்கும். கீறலை அது 'நிரப்புவது' இல்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியிருக்கிற கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்கி மட்டம் பண்ணுகிறது. பழைய வண்டி, மங்கிப்போன வண்டி, கீறல் விழுந்த வண்டி என்றால் அது தேவைதான். கீறலே இல்லாத புது வண்டிக்கு அதைப் போடுவது, புதுச் செருப்பின் அடியை உப்புத்தாளால் தேய்க்கிற மாதிரி.

அதனால் என் தீர்ப்பு நேரானது: புது காருக்கு பாலிஷ் வேண்டாம். கழுவுங்கள், தேவைப்பட்டால் கிளே (பெயின்ட்டில் ஒட்டிக்கொண்ட துகளை இழுத்தெடுக்கிற, களிமண் மாதிரிப் பிசைகிற பொருள்) போடுங்கள், வாக்ஸோ, அதே வேலையைச் செய்கிற ரசாயனப் பூச்சான சீலன்ட்டோ மெல்லிசாகப் பூசுங்கள், அவ்வளவுதான். டப்பாவில் 'கிளீனர் வாக்ஸ்' என்றோ, 'டூ இன் ஒன்' என்றோ, 'கீறல் நீக்கும்' என்றோ போட்டிருந்தால் அதில் உரசு துகளோ வேறு கிளீனரோ இருக்கிறது என்று அர்த்தம். அதைப் புது வண்டிக்கு வாங்காதீர்கள்.

"ஒரு மாசம் கழிச்சுதான் வாக்ஸ் போடணும்" என்பது உண்மையா?

இதைச் சொல்லாத ஆள் கிடையாது. 30 நாள் என்பார்கள், 60 நாள் என்பார்கள், சிலர் முதல் சர்வீஸ் முடியட்டும் என்பார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு, ஆனால் அது டிங்கரிங் கடையில் அடித்த பெயின்ட்டுக்கான காரணம். அங்கே வண்டியில் ஏற்கெனவே சீட்டு, ஒயர், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் இருக்கிறதால் அதிகச் சூட்டில் வேகவைக்க முடியாது, 60 அல்லது 70 டிகிரியோடு நிறுத்திவிடுவார்கள், சின்னக் கடை என்றால் அதுவும் இல்லை. அந்த பெயின்ட்டிலிருந்து தின்னர் ஆவி வெளியேற சில வாரம் பிடிக்கும், அதற்குள் வாக்ஸால் மூடக் கூடாது. தொழிற்சாலையில் அப்படி இல்லை. வெறும் தகட்டுக் கூடாக இருக்கும்போதே பெயின்ட் அடித்து, அடுப்பு மாதிரி ஒரு நீளமான கூடத்துக்குள் அனுப்பி, சுமார் 140 டிகிரியில் வேகவைத்துத்தான் அடுத்த இடத்துக்கு நகர்த்துகிறார்கள். வண்டி உங்கள் கைக்கு வரும்போது பெயின்ட் நன்றாக இறுகி முடிந்திருக்கும். டெலிவரி எடுத்த மறுநாளே வாக்ஸ் போடலாம். போட வேண்டும் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் காக்காய் ஒரு மாசம் காத்திருக்காது.

ஒரே விதிவிலக்கு: யார்டில் இடிபட்டு ஷோரூமிலேயே ஒரு கதவுக்கோ பம்பருக்கோ டச்சப் செய்திருந்தால். அந்தப் பகுதிக்கு மட்டும் இரண்டு மாசம் விடுங்கள். அப்படிச் செய்திருக்கிறார்களா என்று டெலிவரிக்கு முன் சாய்வெளிச்சத்தில் பாருங்கள், பக்கத்துப் பகுதியோடு நிறமோ வழவழப்போ மாறினால் நேராகவே கேட்டுவிடுங்கள்.

டெலிவரிக்கு முன்னால் சொல்ல வேண்டியது

புக்கிங் பண்ணும்போதே சேல்ஸ் எக்சிகியூட்டிவிடம் சொல்லுங்கள், பிறகு எழுத்திலும் அனுப்புங்கள், வாட்ஸப் போதும்: "வண்டியை வெறும் தண்ணி அடித்துக் கொடுங்கள், துணியோ பஞ்சோ வைக்க வேண்டாம், பாலிஷ் வேண்டாம்." விசித்திரமாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். தூசியோடு வருகிற வண்டி உங்களுக்கு லாபம்.

அப்புறம் அங்கே கட்டாயம் ஒரு 'டெஃப்லான் கோட்டிங்' பேச்சு வரும். டெஃப்லான் என்பது தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிற பொருள். அதைக் கல்லில் பிடிக்க வைக்கவே 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அந்தச் சூட்டைக் காரின் பானட்டுக்குக் கொடுத்தால் பெயின்ட்டே இருக்காது. அரை நாளில் கையால் தேய்த்துவிட்டு அந்தப் பெயரில் கொடுப்பது பெரும்பாலும் ஒரு நல்ல சீலன்ட், அதை நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டுவிடலாம். செராமிக் கோட்டிங் வேறு விஷயம், அது உண்மையிலேயே கெட்டியான பூச்சு, வருஷக் கணக்கில் இருக்கும், ஆனால் கீறலே விழாது, கழுவவே வேண்டாம் என்கிற பேச்செல்லாம் தப்பு. அதைப் போடுகிற எண்ணம் இருந்தால் இப்போது வாக்ஸ் போடாதீர்கள். செராமிக் நேரடியாகக் கிளியர் கோட்டில் பிடிக்க வேண்டும், நடுவில் வாக்ஸ் இருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

எந்த வாக்ஸ்?

கார்னூபா என்கிற பெயரை நிறைய டப்பாக்களில் பார்க்கலாம். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனை, வறட்சியில் ஈரம் போகாமல் இருக்கத் தன் ஓலையின் மேல் ஒரு மெழுகைச் சுரந்துகொள்கிறது. ஓலையைக் காயவைத்து அடித்து உதிர்ப்பதுதான் கார்னூபா. அது தனியாகக் கல் மாதிரி கெட்டி, 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். பூசுகிற பதத்துக்கு வர எண்ணெயும் கரைப்பானும் கலந்துதான் டப்பாவில் அடைக்கிறார்கள், அதனால் வண்டியின் மேல் இருக்கிறபோது அவ்வளவு சூட்டைத் தாங்காது. கருப்பு, சிவப்பு, நீல வண்டிகளில் கார்னூபா கொடுக்கிற ஆழமான ஈரப் பளபளப்பு வேறு எதிலும் கிடையாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வெயிலில் நிற்கிற வண்டியில் ஆறு வாரம் தாக்குப் பிடித்தாலே பெரிது.

இன்னொன்று சீலன்ட். இது மெழுகு இல்லை, ரசாயன பாலிமர். பளபளப்பு கண்ணாடி மாதிரி, கொஞ்சம் 'குளிர்ச்சியாக' இருக்கும், நாலைந்து மாசம் வரும், சூட்டைத் தாங்கும். மூன்றாவது, ஸ்ப்ரே வகை, செராமிக் ஸ்ப்ரே என்று விற்கிறார்கள், சிலிக்கா கலந்தது. வண்டி ஈரமாக இருக்கும்போதே அடித்துத் துடைத்துவிடலாம், வேலை சுலபம்.

சென்னை மாதிரி ஊருக்கு, வெயிலில் நிறுத்துகிற வண்டி என்றால், என் யோசனை சீலன்ட்தான். போர்ட்டிகோவிலோ பேஸ்மென்ட்டிலோ நிற்கிற, அடர் நிற வண்டி என்றால் கார்னூபா. இரண்டும் ஆசை என்றால் முதலில் சீலன்ட், ஒருநாள் விட்டு அதன் மேல் கார்னூபா. தலைகீழாகச் செய்யக் கூடாது, மெழுகின் எண்ணெய் மேல் சீலன்ட் ஒட்டாது. வெள்ளை வண்டி வைத்திருப்பவர்கள் பளபளப்பில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள், உங்களுக்கு வாக்ஸ் பாதுகாப்புக்குத்தான். பிராண்ட் என்றால் மெகுயர்ஸ், சோனாக்ஸ், 3எம், டர்ட்டில் வாக்ஸ், கோலினைட் என்று நிறைய இருக்கிறது, எல்லாமே வேலை செய்யும். பெயரைவிட, டப்பாவின் பின்பக்கம் திருப்பி அதில் உரசு பொருள் இருக்கிறதா என்று படிப்பதுதான் முக்கியம். மேட் பெயின்ட் வண்டிக்கு இந்த வழிகாட்டியில் உள்ள எதையும் போடக் கூடாது, அதன் மங்கல் போய்த் திட்டுத் திட்டாகிவிடும்.

சேர்த்து வைக்க வேண்டிய சாமான்

இரண்டு வாளி, கார் ஷாம்பூ, மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, தண்ணீர் ஒற்றி எடுக்க ஒரு பெரிய துண்டு, வாக்ஸ் துடைக்க நாலைந்து சின்ன மைக்ரோஃபைபர் துணி, இரண்டு ஃபோம் பேட், மாஸ்கிங் டேப் ஒரு சுருள். துணியில் இருக்கிற லேபிளையும் ஓரத்தில் கெட்டியான தையல் இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள், கீறுவது பெரும்பாலும் அதுதான். மைக்ரோஃபைபரைத் துவைக்கும்போது வாசனைக்கு ஊற்றுகிற கண்டிஷனரைச் சேர்க்காதீர்கள், இழை அடைத்துக்கொண்டு தண்ணீரும் உறிஞ்சாது, வாக்ஸும் எடுக்காது. மஞ்சள் துணி, பழைய பனியன், கடையில் கொடுக்கிற செயற்கைச் சாமாய்த் தோல் எல்லாம் டயருக்கும் மிதியடிக்கும்.

கழுவுவது: முக்கால்வாசி வேலை இங்கேதான்

வாக்ஸ் போடுகிற நாளைவிட, அதற்கு முந்தின கழுவலில்தான் வண்டி கெடுகிறது. காலை ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள், நிழலில். பானட்டில் புறங்கையை வைத்தால் குளுமையாக இருக்க வேண்டும். சாயங்காலம் என்றால் இன்ஜின் சூடு, பகல் சூடு இரண்டும் இறங்க நேரம் ஆகும், காலைதான் உத்தமம்.

முதலில் தண்ணீரை மட்டும் அடித்து, மேலிருந்து கீழே, ஒட்டாத மண்ணெல்லாம் ஓடிப்போகிற வரைக்கும் விடுங்கள். பைப் வசதி இல்லாத அபார்ட்மென்ட் என்றால் மக்கில் மொண்டு ஊற்றினாலும் சரி, அவசரப்பட்டு கையுறையை வைக்காமல் இருந்தால் போதும். ஒரு வாளியில் ஷாம்பூ தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பூவில் நனைத்து ஒரு கதவைத் தேய்த்ததும், வெறும் தண்ணீர் வாளியில் நன்றாக அலசி, அப்புறம்தான் மறுபடி ஷாம்பூவுக்குப் போக வேண்டும். கூரை, கண்ணாடி, பானட், டிக்கி, கதவின் மேல்பாதி என்று இறங்கி, சேறு அதிகம் உள்ள கதவின் அடிப்பாகத்தைக் கடைசியில் வையுங்கள். அலசுகிற வாளியின் அடியைக் கடைசியில் சாய்த்துப் பாருங்கள். டீத்தூள் மாதிரி மண் படிந்திருக்கும். ஒரே வாளியில் கழுவியிருந்தால் அவ்வளவும் திரும்பத் திரும்ப பெயின்ட்டின் மேல்தான் போயிருக்கும், எனக்கு இந்த வேலையில் நம்பிக்கை வந்தது அந்த வாளியின் அடியைப் பார்த்த அன்றைக்குத்தான்.

துணி துவைக்கிற பவுடர் காரம் அதிகம், வேண்டாம். பாத்திரம் விளக்குகிற திரவமும் வழக்கமான கழுவலுக்கு வேண்டாம், அது எண்ணெய்ப் பசையை எடுக்கிற வேகத்தில் போட்ட வாக்ஸையும் இழுத்துக்கொண்டு போகும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற தெருக்களில் கழுவிவிட்டுத் தானாகக் காயவிட்டால், ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுவிட்டுப் போகும். வெயில் பட்டால் அந்தச் சுண்ணாம்பு பெயின்ட்டில் பதிந்துவிடும். பலரும் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று கார் கழுவப் பிடித்து வைக்கிறார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தத் தண்ணீரில்தான் உப்பு இன்னும் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது, காருக்கு அது கூடவே கூடாது. மாறாக ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரையும் சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீரையும் ஒரு வாளி சேர்த்து வையுங்கள், இரண்டிலும் உப்பு கிட்டத்தட்ட இல்லை, கடைசியாக ஊற்றி அலச அருமையாக இருக்கும். துண்டைப் பரத்தி வைத்து ஒற்றி எடுங்கள், அழுத்தி இழுக்க வேண்டாம். கண்ணாடி விளிம்பு, கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட் பின்னாலிருந்து தண்ணீர் வழியும், பத்து நிமிஷம் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி ஒற்றுங்கள். வாக்ஸ் போடும்போது ஒரு சொட்டு வழிந்தாலும் அந்த இடம் திட்டாகிவிடும்.

ஏற்கெனவே வளையம் விழுந்திருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து இரண்டு நிமிஷம் வைத்து எடுத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். சுரண்ட வேண்டாம்.

கிளே: தேவையா என்று முதலில் பாருங்கள்

புது வண்டிதானே, இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். ஆனால் வண்டி உங்களுக்குப் புதுசு, பெயின்ட்டுக்கு வயசு ஆகியிருக்கலாம். தொழிற்சாலை யார்டில் சில வாரம், வட இந்தியாவிலிருந்து வருகிற வண்டி என்றால் டிரெய்லரிலோ சரக்கு ரயிலிலோ சில நாள், ஷோரூம் யார்டில் இன்னும் சில வாரம் வெட்டவெளியில் நின்றிருக்கும். ரயில் பிரேக்கிலிருந்து பறக்கிற இரும்புத் தூள், தொழிற்சாலைப் புகை எல்லாம் பெயின்ட்டில் குத்தி உட்கார்ந்துவிடும், கழுவினால் போகாது.

சோதனை சுலபம். கழுவித் துடைத்த பானட்டின் மேல், கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு விரல் நுனியால் தடவுங்கள். கண்ணாடி மாதிரி வழுக்கினால் கிளே தேவையில்லை, நேராக வாக்ஸுக்குப் போங்கள். ரவையைத் தடவுகிற மாதிரி நறநறவென்று இருந்தால் கிளே போட வேண்டும். மென்மையான வகைக் கிளேயாக வாங்கி, நாலில் ஒரு பங்கைக் கிள்ளி, கையில் பிசைந்து சப்பாத்தி மாதிரி தட்டையாக்கி, பெயின்ட்டிலும் கிளேயிலும் அதற்குரிய ஸ்ப்ரேயைத் தாராளமாக அடித்து, அழுத்தமே இல்லாமல் நேர்க்கோட்டில் தள்ளுங்கள். முதலில் கரகரவென்று ஒரு சத்தம் வரும், நாலைந்து தள்ளலில் சத்தம் நின்று வழுக்க ஆரம்பிக்கும், அங்கே நிறுத்திவிட வேண்டும். மடித்துப் பிசைந்து புது முகம் கொண்டுவந்து அடுத்த இடம். கிளே கீழே விழுந்துவிட்டால் தூசியைத் தட்டிவிட்டுத் தொடராதீர்கள், அந்தத் துண்டைக் குப்பையில் போடுங்கள். அதனால்தான் நாலில் ஒரு பங்கு மட்டும் எடுக்கச் சொன்னேன். முடிந்ததும் இன்னொரு முறை அலசி ஒற்றிவிடுங்கள்.

இப்போது வாக்ஸ்

கருப்பு பிளாஸ்டிக் பகுதிகள், ரப்பர் பீடிங், லோகோ ஓரம் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பத்து நிமிஷ வேலைதான். விட்டுவிட்டால் கருப்பு பிளாஸ்டிக்கில் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து, அதை எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். அப்படி ஆகியிருந்தால் பழைய டூத்பிரஷும் ஷாம்பூவும், அடம்பிடிக்கிற இடத்தில் பென்சில் அழிக்கிற ரப்பரும் கைகொடுக்கும்.

ஃபோம் பேடை லேசாக ஈரமாக்கிப் பிழிந்துவிட்டு, கெட்டி வாக்ஸ் என்றால் டப்பாவின் மேல் வைத்து ஒரு அரைச்சுற்று. அவ்வளவே போதும். திரவம் என்றால் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு. எல்லாரும் தப்பு பண்ணுகிற இடம் இதுதான்: நிறையப் பூசினால் நிறையப் பாதுகாப்பு என்று நினைத்துக் கேக் கிரீம் மாதிரி அப்புகிறார்கள். பெயின்ட்டோடு ஒட்டுகிற அடுக்கு ஒன்றுதான், மேலே இருக்கிற மிச்சம் எல்லாம் துணியில்தான் வரப்போகிறது, அதுவும் கை வலிக்க வலிக்கத் தேய்த்த பிறகு. பூசினது சாய்வாகப் பார்த்தால் மட்டும் லேசான பனி மூட்டம் மாதிரி தெரிய வேண்டும். நேராகப் பார்த்தே வெள்ளையாகத் தெரிந்தால் அது அதிகம். 200 கிராம் டப்பா ஒன்று பத்து தடவைக்கு மேல் வர வேண்டும், நாலு தடவையில் தீர்ந்தால் கணக்கு தப்பு.

பானட்டில் பாதி, அல்லது ஒரு கதவு என்று சின்னப் பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். நேர்க்கோட்டில், முன்னும் பின்னுமாக, பிறகு அதன் குறுக்கே ஒருமுறை. வட்டமாகத் தேய்க்க வேண்டாம், பேடில் ஒரு மண் இருந்தால் நேர்க்கோட்டுக் கீறல் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, வட்டக் கீறல் ஒவ்வொரு விளக்கிலும் தெரியும்.

எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பது டப்பாவில் போட்டிருக்கும், ஆனால் கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் அந்தக் கணக்கு நடக்காது, கோயம்புத்தூரில் எட்டு நிமிஷத்தில் காய்வது சென்னையில் பதினைந்து நிமிஷம் ஆகலாம். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாக, கண்ணாடி மாதிரி வந்தால் துடைக்கலாம். ஈஷிக்கொண்டு மங்கலாக வந்தால் இன்னும் பொறுங்கள். சூடான பானட்டிலோ வெயிலிலோ போட்டால் நேர்மாறாக, பூசின நிமிஷமே வறண்டு கெட்டியாகிவிடும், அப்படி ஆனால் வறட்டுத் தேய்ப்பு தேய்க்காமல் அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் வாக்ஸ் பூசி இளக்கி உடனே துடையுங்கள்.

துடைக்கிற துணியை நாலாக மடியுங்கள், திருப்பித் திருப்பி மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு பகுதிக்கு ஒரு முகம். முதல் துணி மிச்ச வாக்ஸை எடுக்க, அதன் பின்னாலேயே இரண்டாவது சுத்தமான துணி லேசாக, எடையே கொடுக்காமல் ஒரு ஓட்டம். முடிந்ததும் செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், விட்டுப்போன இடம் எண்ணெய்த் தடம் மாதிரி காட்டிக் கொடுக்கும். கதவு இடுக்கு, பெட்ரோல் மூடி ஓரம், டிக்கி விளிம்பு இவற்றில் பவுடர் மாதிரி ஒட்டியிருப்பதை மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். முன் கண்ணாடியில் இந்த வாக்ஸைப் போடாதீர்கள், மழையில் வைப்பர் இழுக்கும்போது எண்ணெய்ப் படலமாகப் பார்வையை மறைக்கும்.

ஒரு ஹேட்ச்பேக்குக்குக் கழுவலில் ஆரம்பித்து எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. அன்றைக்கு வண்டி நனையாமல் இருப்பது நல்லது. சீலன்ட் என்றால் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. விட்டுப்போன இடங்களை மூடுவதற்காக மறுநாள் இன்னொரு மெல்லிய பூச்சு போடலாம், மூன்றாவது நாலாவது எல்லாம் வீண்.

பூஜை, மரம், காக்காய்

புது வண்டி என்றால் பூஜை இல்லாமல் இருக்காது, சென்னையில் பாதி வண்டிகள் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும். முடிந்தால் வாக்ஸ் போட்ட பிறகு பூஜைக்குப் போங்கள். டெலிவரி அன்றே பூஜை என்றால் பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைக்கச் சொல்லுங்கள், பூசாரிகள் யாரும் மறுப்பதில்லை. இப்போது வருகிற குங்குமத்தில் சாயம் கலந்திருக்கிறது, வெள்ளை பெயின்ட்டில் எண்ணெயோடு குழைத்து வைத்து ஒரு வாரம் விட்டால் ரோஸ் நிறத்தில் தடம் நிற்கும். மஞ்சள் கறை பரவாயில்லை, வெயிலில் தானாகவே வெளுத்துப்போகும். இன்னொரு விஷயம், மாலை. கட்டுக் கம்பி வைத்த மாலையைப் பானட்டில் போட்டுவிட்டு வீடு வரைக்கும் ஓட்டினால், காற்றில் அந்தக் கம்பி ஆடி ஆடி இழுக்கிற கோட்டை எந்த வாக்ஸும் மறைக்காது. படம் எடுத்ததும் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

பறவை எச்சம்தான் பெரிய எதிரி. அதன் அமிலம் ஒரு பக்கம், வெயிலில் பெயின்ட் விரிந்து ராத்திரியில் சுருங்கும்போது எச்சத்தின் வடிவத்துக்கே கிளியர் கோட் சுருண்டுகொள்வது இன்னொரு பக்கம். வாக்ஸ் இருந்தால் அது முதலில் வாக்ஸைத் தின்ன வேண்டும், உங்களுக்குச் சில மணி நேரம் கிடைக்கும், அவ்வளவுதான், வாரக் கணக்கில் கிடைக்காது. காய்ந்த எச்சத்தைத் தேய்க்காதீர்கள், அதில் விதையும் மணலும் இருக்கும். துணியை நன்றாக நனைத்து அதன் மேல் போட்டு ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, அள்ளி எடுக்கிற மாதிரி எடுங்கள். நாவல் மரம், புங்க மரம், மாமரம் இவற்றின் கீழ் நிறுத்தாதீர்கள். நிழல் கிடைக்கும், கூடவே பழக்கறையும் பிசினும் கிடைக்கும். அந்தக் கறைக்கும் இதே ஈரத்துணி முறைதான், அன்றைக்கே.

தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து பத்து வண்டி துடைக்கிற அண்ணனிடம், பக்குவமாக, பெயின்ட்டைத் தொட வேண்டாம், கண்ணாடியும் உள்ளேயும் மட்டும் போதும், சம்பளம் அதேதான் என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். தூசி படிந்த வண்டி கெட்டுப்போவதில்லை, தூசியோடு வறட்டுத் துணியால் துடைக்கிற வண்டிதான் கெடுகிறது. கார் கவரும் அப்படித்தான், தூசி வண்டியின் மேல் கவரைப் போட்டால் காற்றில் அது உப்புத்தாளாக வேலை செய்யும்.

மறுபடி எப்போது?

கழுவும்போது பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டால் வாக்ஸ் உயிரோடு இருக்கிறது. தாமரை இலையில் இருக்கிற மாதிரி இருந்தது, பிறகு தட்டையாகப் பரவி, தேங்கி நிற்க ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது. முதலில் போவது பானட்டும் கூரையும்தான், பக்கங்களில் இன்னும் இருக்கும், அப்படியானால் மேல்பகுதிக்கு மட்டும் போட்டால் போதும். நான் நாள்காட்டிக்குப் பதில் பண்டிகையை வைத்துக்கொள்கிறேன்: வடகிழக்கு மழை ஆரம்பிக்கும் முன் ஆயுத பூஜைக்கு ஒன்று, கத்திரி வெயிலுக்கு முன் சித்திரை பிறக்கும்போது ஒன்று, இரண்டுமே சீலன்ட். நடுவில் பொங்கலுக்கு, ஆசைக்காக, கார்னூபா. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடல் பக்கம் இருப்பவர்கள் இதைவிட ஒரு தடவை கூடுதலாகப் போடுங்கள், உப்புக் காற்று பொல்லாதது.

மீந்த டப்பாவை இறுக்கி மூடி வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். டிக்கியில் போட்டு வைத்தால் மே மாச வெயிலில் இளகி, எண்ணெய் தனியாகப் பிரிந்து, அடுத்த முறை திறக்கும்போது மேலே ஈரமாகவும் அடியில் கட்டியாகவும் இருக்கும்.